நல்லாத்தான் இருக்குது

விருத்தாசலத்துக்காரர்கள் தங்களுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று கண்டுபிடிக்கப் பூர்ணிமாவுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அவர்கள் சொல்வதே இல்லை என்பதுதான் கண்டுபிடிப்பு.

இத்தனைக்கும் அவள் வெளியூர்க்காரி இல்லை. பிறந்து வளர்ந்தது பக்கத்துத் திட்டக்குடி. படித்து முடித்த கையோடு சென்னைக்குப் போய் ஒரு பெரிய இன்டீரியர் நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டதால் ஊர்ப் பேச்சின் நெளிவுகள் கொஞ்சம் மறந்து போயிருந்தன. சென்னையில் வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் மெயில் வரும். சிவப்பு எழுத்தில், அடிக்கோடு போட்டு, சில சமயம் மூன்று ஆச்சரியக்குறிகளோடு. படித்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கணவன் பிரவீன்குமாருக்கு ரயில்வேயில் விருத்தாசலம் ஜங்ஷனுக்கு மாற்றல் வந்தபோது அவளும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். பாலக்கரைப் பக்கம் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை எடுத்து, 'பூர்ணிமா இன்டீரியர்ஸ்' என்று போர்டு மாட்டினாள். கீழே டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மாடியேறி வந்து கேட்பார்கள்.

"இன்டீரியர்னா என்னாங்க? உள்ளாற பெயிண்ட் அடிக்கிறதா?"

"பெயிண்ட் மட்டும் இல்லைங்க. வூட்டுக்குள்ள இருக்கிறது அத்தனையும் மாத்தித் தருவோம்."

"அப்ப பொண்டாட்டியையும் மாத்தித் தருவீங்களா?" என்றார் ஒருவர். அவருடைய மனைவி படியில் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, புருஷன மாத்தணும்னா எத்தினி நாளாவும்?" என்று கேட்டபடியே உள்ளே வந்து உட்கார்ந்தாள் அந்த அம்மாள். அன்றைக்கு ஒரு சமையலறை வேலை கிடைத்தது.

பூர்ணிமாவின் இன்னொரு கண்டுபிடிப்பு 'தான்' என்ற ஒட்டு. நல்லூரில் சண்முகப்ரியா என்ற டீச்சருக்கு அடுக்களை மேடையும் அலமாரியும் செய்து முடித்தபோது, டீச்சர் முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். பூர்ணிமா சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தாள். டீச்சர் கொல்லைப்புறத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். அடுக்களை மேடை அவருடைய உயரத்துக்கு அரையடி ஜாஸ்தி.

"சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

"ஆசையா செஞ்சிருந்தியேம்மா. எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்து பூர்ணிமா ஒரு நீள நோட்டு வைத்துக்கொண்டாள். அதன் முதல் பக்கத்தில் ஒரு அகராதி தொடங்கியது. 'நல்லாருக்குது' என்றால் பிடித்திருக்கிறது. 'நல்லாத்தான் இருக்குது' என்றால் பிடிக்கவில்லை. 'பாத்து செய்யுங்க' என்றால் செய்யாதீர்கள். 'உங்க இஷ்டம்' என்றால் செய்தால் பேச்சுவார்த்தை கிடையாது.

வேலை செய்யும் முறையையும் மாற்றிக்கொண்டாள். புது வாடிக்கையாளர் வந்தால் லேப்டாப்பில் படம் காட்டுவதை விட்டுவிட்டு, அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் ஒரு முழுக் காலைப்பொழுது போய் உட்கார்ந்துவிடுவாள். சாவியை எங்கே மாட்டுகிறார்கள், யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள், விருந்தாளி வந்தால் எதை எடுத்து எங்கே ஒளிக்கிறார்கள் என்று பார்ப்பாள். அவர்கள் சொல்வதைத் தன் பாஷைக்கு மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்வாள். 'காத்து வந்து போவணும். வந்த காத்து அங்கயே நிக்கக் கூடாது.' 'மாமியார் காதுல விழாம போன் பேச ஒரு எடம்.' இதையெல்லாம் எழுதிய பக்கத்தில் அவளே சிரிக்கும் முகம் வரைந்து வைத்திருந்தாள்.

வேலை வந்தது. ஆனால் எல்லாம் துண்டு துண்டாக வந்தது. ஒரு அடுக்களை, ஒரு பீரோ அறை, ஒரு சாமி அலமாரி. முழு வீடு என்று ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து அவளுடைய பழைய மேலதிகாரி சிவசங்கரி கூப்பிட்டார். ஒரு குழுவுக்கே தலைமைப் பொறுப்பு தருவதாகவும், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். வாரம் ஒருமுறை ரயிலேறி வீட்டுக்கு வந்து போகலாம். பிரவீன்குமார், "உன் இஷ்டம்" என்றான். அகராதிப்படி அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"தர்மராஜ் சார் வூட்ட முடிக்கிறேன்" என்றாள் பூர்ணிமா. "அது நல்லா வந்துட்டா இங்கயே இருக்கேன். இல்லன்னா எனக்கு இந்த ஊரு சரிப்படலன்னு அர்த்தம். போர்டக் கழட்டிடலாம்."

தர்மராஜ் வீடுதான் அவளுக்கு வந்த முதல் முழு வீடு. பெண்ணாடம் ரோட்டில் புதிதாகக் கட்டியது. அவர் செராமிக் தொழிற்பேட்டையில் கப்பும் பொம்மையும் செய்யும் யூனிட் வைத்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். பேச்சு குறைவு என்று சொல்வதுகூட அதிகம். அவருடைய மனைவி கண்ணம்மாள் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். அடுக்களை, படுக்கையறை, துணி காயப்போடும் இடம் எல்லாம் அவள் சொன்னபடி ஆயிற்று. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் தர்மராஜ் வாயைத் திறந்தார்.

"ஹால்ல அந்தப் பெரிய செவுரு இருக்குல்ல. அது பிஸ்கட் கலர்ல வேணும். பளபளப்பு வேணாம். அதுல ஒரே ஒரு சின்ன ஷெல்ப்பு. வேற எதுவும் வேணாம்."

"ஷெல்ப்புல என்ன வைக்கப் போறீங்க சார்?"

"இருக்குது ஒண்ணு. அப்பறமாப் பாத்துக்கலாம்மா."

பூர்ணிமா ஷேடு கார்டை விரித்தாள். அதில் 'பிஸ்கட்' என்றே ஒரு நிறம் இருந்தது. டீயில் தொட்டுச் சாப்பிடும் பிஸ்கட்டின் இளம்பழுப்பு. தர்மராஜ் கார்டைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "பிஸ்கட்டுன்னுதான போட்டிருக்குது?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "அப்ப அதான். அடிச்சுக் காஞ்சா சரியாயிடும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். 'அடிச்சுக் காஞ்சா சரியாயிடும்' என்பதையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். வழக்கம்போல அப்படியே.

பெயிண்டர் கொளஞ்சியப்பன் இரண்டு நாளில் சுவரை முடித்தார். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் விழுந்தபோது சுவர் அப்படியே எடுத்துத் தின்னலாம் போல இருந்தது. கண்ணம்மாள், "நல்லாருக்குதும்மா" என்றாள். தர்மராஜ் வெகுநேரம் பார்த்தார். பிறகு புறங்கையால் சுவரைத் தொட்டார்.

"காஞ்சிருச்சா?"

"மேலாக்கக் காஞ்சிருச்சு சார். முழுசா செட்டாவ ஒரு வாரம் ஆவும்" என்றார் கொளஞ்சியப்பன்.

"சரி."

ஒரு வாரம் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சிக் குடிபுகுவதாக இருந்தது. திங்கட்கிழமை பூர்ணிமா வீட்டுக்குப் போனபோது தர்மராஜ் ஹாலில் தனியாக நின்றிருந்தார். "எப்படி சார் இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது."

பூர்ணிமாவுக்கு நெஞ்சில் யாரோ ஈரத்துணியைப் போட்டது போல் ஆயிற்று.

"சார், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. மாத்திடலாம்."

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்குது."

அவள் விளக்கு காரணமாக இருக்கும் என்று பல்பை மாற்றினாள். நல்லாத்தான் இருந்தது. சோபாவை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். நல்லாத்தான் இருந்தது. திரையைக் கழற்றிவிட்டு மெல்லிய துணியில் வேறு மாட்டினாள். "இதுவும் நல்லாத்தாம்மா இருக்குது" என்றார். 'தான்' கூடிக்கொண்டே போனதே தவிரக் குறையவில்லை.

"மேடம், பேசாம கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடலாம்" என்றார் கொளஞ்சியப்பன், ஏணியை மடக்கியபடி. "இன்ன மாதிரி இன்ன தேதியில, எங்க பார்ட்டி வாயத் தொறக்க மாட்டேங்குறாருன்னு ஒரு சீட்டு எழுதிக் கட்டுனா சாமி கேட்டுச் சொல்லிடும். எம்பேர வெச்ச சாமிதான், நான் ஒரு வார்த்த சொல்லி வெக்கிறேன்."

"நீங்க எதாவது தப்பா அடிச்சீங்களா அண்ணே?"

"பாத்தீங்களா! சாமி மேல போடலாம்னா எம்மேலயே போடுறீங்களே."

செவ்வாய்க்கிழமை கண்ணம்மாள் போன் செய்தாள். "எம்மா, அவரு தெனமும் புது வூட்டுக்குப் போயி செவுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. பல்லி எதாவது இருக்கான்னு நானும் போயி பாத்தேன். ஒண்ணுங் காணோம். கேட்டா, 'இன்னும் மாறலியே'ங்குறாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

மாறவில்லையா? எது மாற வேண்டும்? பூர்ணிமாவுக்கு அன்று தலை முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் சாப்பிடக்கூட மறந்து யூனிட்டுக்கே போய்விட்டாள். ஷெல்ப்பில் வைக்கப்போகும் பொருளை அளந்துகொள்ள வந்ததாகச் சொல்லலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டாள். தர்மராஜ் ஆபீஸில் யாருடனோ இருந்ததால் ஷெட்டுக்குள் போய் நின்றாள். ஒரு பக்கம் வரிசையாக மோல்டுகள், மறுபக்கம் காயவைத்த, இன்னும் சுடாத கப்புகள், நடுவில் சூளை. மணி பதினொன்று இருக்கும். சூளைப் பக்கமிருந்து பாஞ்சாலை என்கிற மூத்த வேலையாள் கையைத் தட்டிக் கூவினாள்.

"ஏ, பிஸ்கட்டு வந்துருச்சு! எல்லாம் கை கழுவிட்டு வாங்கடி!"

எட்டுப் பத்துப் பெண்கள் எழுந்து குழாயடிக்குப் போனார்கள். பூர்ணிமாவின் வயிறு சத்தமாகக் கூப்பிட்டது. டீ நேரம் போலிருக்கிறது, நல்ல மனுஷர், வேலையாட்களுக்கு பிஸ்கட்டெல்லாம் வாங்கித் தருகிறார் என்று நினைத்துக்கொண்டு அவளும் போய்க் கை கழுவினாள். வரிசையில் நின்றாள். பாஞ்சாலை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் என்று எண்ணி, அவள் கையில் ஒரு வெள்ளைக் கப்பை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

பூர்ணிமா கப்புக்குள் எட்டிப் பார்த்தாள். காலி.

"அக்கா, பிஸ்கட்டு?"

"கையில வெச்சிருக்கியே, அது என்னாது?"

"இது கப்பு."

"அதான் பிஸ்கட்டு."

பூர்ணிமா கப்பையும் பாஞ்சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பாஞ்சாலைக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஷெட் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

"ஏண்டி, இந்தப் பொண்ணு தின்ன வந்துருக்குதுடி! கண்ணு, மண்ணுல செஞ்சு மொத தபா சூளையில வெந்து வருது பாரு, அதுக்குப் பேரு பிஸ்கட்டு. இன்னும் மேல பளபளக்கிற கிளேஸு பூச்சு போடல. எண்ணெக் கையால தொட்டா கிளேஸு ஒட்டாது. அதான் கை கழுவச் சொல்றது. வேணும்னா நாக்க வெச்சுப் பாரு, ஒட்டும். கடிச்சுடாத, பல்லு போயிரும்."

பூர்ணிமா நிஜமாகவே நாக்கை வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. துளிப் பளபளப்பு இல்லாத, சுண்ணாம்பைவிடக் கொஞ்சம் மிருதுவான, உள்ளே எங்கோ ஒரு சொட்டு ரோஜா கலந்தது போன்ற வெள்ளை. பழுப்பு மருந்துக்குக்கூட இல்லை. அவளுக்கு முதலில் கண் கலங்கியது. அடுத்த நொடி சிரிப்பு வந்தது. கப்பை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினாள்.

"சார், இதுவா? இதுவா பிஸ்கட் கலரு?"

தர்மராஜ் கப்பைப் பார்த்தார். "ஆமா. வேற எது?"

"டீக்குத் தொட்டுக்கிறது சார்!"

அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவர் சிரித்து பூர்ணிமா பார்த்ததில்லை. சத்தமே வராமல் சிரித்தார்.

"கார்டப் பாக்கறப்பவே கொஞ்சம் பழுப்பாத்தாம்மா தெரிஞ்சுது. எங்க தொழில்ல கிளேஸுல முக்கறப்ப சாம்பலா இருக்கும். சூளைய விட்டு வர்றப்ப நீலமா வரும். முன்னாடி ஒரு கலரு, பின்னாடி ஒரு கலரு. பெயிண்டும் அப்படித்தான், காஞ்சா வெளுத்துரும்னு நெனச்சேன். பெயிண்டரு வேற ஒரு வாரம் ஆவும்னாரா, காத்திருந்தேன்."

"ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே சார்."

"படிச்ச பொண்ணு, ராப்பகலா ஓடி ஓடி செய்யுது. எப்படிச் சொல்றது?" அவர் மேசை மேலிருந்த காகிதத்தை நேராக வைத்தார். "அதோட எனக்குப் பேசிப் பழக்கமில்ல. வெளியாளுங்ககிட்ட எனக்கும் சேத்து எங்கண்ணந்தான் பேசுவாரு. போன பங்குனியோட அவரு போயிட்டாரு."

பீரோவைத் திறந்து துணியில் சுற்றிய ஒரு கப்பை எடுத்தார். அதுவும் பிஸ்கட்தான். முப்பது வருடத்துக்கு முன் அண்ணன் பழமலைநாதனும் அவரும் யூனிட் ஆரம்பித்தபோது முதல் சூளையில் வந்தது. ஈரம் காயும் முன்னே அவசரப்பட்டு மோல்டிலிருந்து எடுத்ததில், விளிம்புக்குக் கீழே அண்ணனின் கட்டைவிரல் பதிந்து ஒரு பள்ளம். விற்க முடியாது. 'இதுக்கு கிளேஸு வேணாண்டா, இப்படியே இருக்கட்டும்' என்று அண்ணன் எடுத்து வைத்தாராம்.

"பின்னாடி செவுரும் இதே கலர்ல இருந்தா கப்பு தெரியாது. அந்த வெரலு மட்டும் தெரியும். அதான்."

பூர்ணிமா கப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். பள்ளத்தில் மட்டும் சின்னதாக நிழல் விழுந்தது. அவளுடைய கட்டைவிரல் தானாக அதில் போய் உட்கார்ந்தது. அண்ணனுடையது பெரிய விரல், அவளுடையது உள்ளே தளர்வாக நின்றது. டேப்பை எடுத்து உயரத்தை அளந்தாள். ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள செவுரு மாறிடும் சார். இந்த தபா காயறதுக்கெல்லாம் காத்திருக்க வேணாம்."

அரை மணி நேரத்தில், பாஞ்சாலை கொடுத்த கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொளஞ்சியப்பன் பெயிண்ட் கடையில் நின்றார். கடைக்காரர் மெஷினில் கலந்து கலந்து தடவிக் காட்ட, கொளஞ்சியப்பன் ஒவ்வொன்றையும் கப்பில் ஒட்டிவைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஐந்தாவது ஒத்துப்போனது.

"இதுக்குக் கார்டுல என்ன பேரு அண்ணே?" என்று போனில் கேட்டாள் பூர்ணிமா.

"என்னமோ ஸ்னோன்னு போட்டிருக்குது மேடம். நம்ம ஊருல எங்க ஸ்னோ பேஞ்சுது? நான் டப்பாமேல பிஸ்கட்டுன்னு எழுதிட்டேன். இல்லன்னா மறுபடியும் கொழம்பிடுவீங்க."

புதன் மதியம் தொடங்கி வியாழன் மூன்று மணிக்குள் சுவர் மாறிவிட்டது. பழுப்பு தெரியாமல் மறைக்க மூன்று பூச்சு வேண்டியிருந்தது. பூர்ணிமாவும் சுடிதாரை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரங்களை அடித்தாள். "மேடத்துக்கு இன்டீரியர்னா உள்ளாற பெயிண்ட் அடிக்கிறதுதான்னு இப்பத்தான் தெரியுது" என்றார் கொளஞ்சியப்பன்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் பொங்கியது. உறவுக்காரர்களும் யூனிட் ஆட்களும் ஹாலில் நெருக்கியடித்து நின்றார்கள். தர்மராஜ் துணியைப் பிரித்துக் கப்பை எடுத்து ஷெல்ப்பில் வைத்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். இரண்டடி பின்னால் வந்து நின்றார். கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் கப்பு சுவரோடு சுவராகிவிட்டது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு நிழல் மட்டும் நின்றது.

பூர்ணிமா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்தாள்.

"நல்லாருக்குது" என்றார் தர்மராஜ்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். 'தான்' வரவில்லை. கண்ணம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் வாங்க, டிபன் ஆறுது" என்று கூட்டத்தைக் கிளப்பினாள். சாப்பிட உட்கார்ந்ததும் பாஞ்சாலை பூர்ணிமாவின் பக்கத்தில் வந்து அவள் இலையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனாள். தின்கிற பிஸ்கட்.

பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமி என்ற அம்மாள், பக்கத்து யூனிட்காரரின் மனைவி, கூப்பிட்டுச் சொன்னாள். "எங்க வூட்டுக்கும் ஒரு நாள் வாம்மா. மாடியில ரெண்டு ரூம் எடுத்துக் கட்டியிருக்கோம். எனக்கு நீல கிளேஸு கலர்ல ஒரு செவுரு வேணும்."

"அக்கா, வேவறதுக்கு முன்னாடி உள்ள சாம்பலா, வெந்த நீலமா?"

"அட, வெவரந்தான்!"

"எதுக்கும் கையில எடுத்துட்டு வந்துருங்கக்கா. நான் பாத்துக்கறேன்." நோட்டைத் திறந்து முதல் பக்கத்து அகராதியின் கீழே எழுதிக்கொண்டாள்: 'பேரைக் கேட்காதே. பொருளைக் கேள்.'

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து சிவசங்கரி கூப்பிட்டார். பிரவீன்குமார் அன்று லீவில் இருந்தான். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பூர்ணிமா, யோசிச்சியா? எங்க ஆஃபர் எப்படி?"

"நல்லாத்தான் இருக்குது மேடம்" என்றாள் பூர்ணிமா.

செய்தித்தாள் கீழே இறங்கியது. பிரவீன்குமாரின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"சூப்பர்! அப்போ எப்ப ஜாயின் பண்றே?"

பூர்ணிமா போனைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு தடவை சிரித்து முடித்தாள். பாவம், அவருக்கு அகராதி தெரியாது. சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்?

"இல்லைங்க மேடம், நான் வரல" என்றாள். "எனக்கு இங்க வேல இருக்குது."